மக்கள் தொடர்பு உத்தியோகத்தர்களுக்கு இரண்டு நாள் சமூக ஊடகப் பயிற்சி: எதில் தொடங்குவது?

நல்லூர்க்கிளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறில் யாழ்ப்பாணத்தில் 14 பேருக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பு எனக்கு. பிரதேச சபை, வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, நிதி நிறுவனம் என்று பல இடங்களில் மக்கள் தொடர்பு பார்ப்பவர்கள். இளையவருக்கு 26 வயது. மூத்தவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்.

பத்திரிகை அறிக்கை எழுதுவதில் இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உதயன், வலம்புரி நாளிதழ்களுக்கு எதை எத்தனை மணிக்குள் அனுப்பினால் அடுத்த நாள் வரும் என்பது தண்ணீர்பட்ட பாடு. இடறுவது முகநூலில்தான். பாமினி எழுத்துருவில் அடித்து, கடிதத்தலைப்பில் அச்செடுத்து, ஒப்பம் வாங்கி, அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் போடுகிறார்கள். கீழே "எத்தனை மணிக்கு?", "எங்கட வட்டாரத்துக்கும் வருமா?" என்று கேள்விகள் வரிசையாகக் கிடக்கும். மூன்று நாள் போனாலும் பதில் இருக்காது.

இரண்டு நாளை எப்படிப் பிரிக்கலாம்? எல்லாத் தளங்களையும் தொட வேண்டுமா? ஒவ்வொரு வரிக்கும் மேலதிகாரியின் ஒப்பம் வேண்டும் என்கிற கந்தோர்களில் இருப்பவர்களுக்கு என்ன வழி? சிலைட் போட்டு விரிவுரை செய்ய விருப்பமில்லை. கையால் செய்து பழகுகிற மாதிரி இருக்க வேண்டும்.


பண்ணைக்காற்று எழுதியது:

முதல் நாள் காலையில் எழுத்தைத் தொடாதீர்கள். பக்கம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். 14 பேரில் நாலைந்து பேருக்கு அங்கேயே வேர்க்கும்.

பலரும் நினைப்பதுபோல முகநூல் பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கினூடாகத்தான் அது இயங்கும். தொடங்கியவர் இடமாற்றம் பெற்று வவுனியாவுக்குப் போனால் சாவியும் அவரோடு போய்விடும். பிறகு கந்தோரில் அவசரத்துக்கு இரண்டாவது பக்கம் திறப்பார்கள். மக்கள் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதல் வேலை இது. ஒவ்வொருவரும் தமது பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய், பக்க அணுகல் பகுதியைத் திறந்து, முழுக் கட்டுப்பாடு யார் யாரிடம் இருக்கிறதென்று ஒரு தாளில் எழுதட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஆபத்து. ஆறு பேரிடம் இருந்தாலும் ஆபத்துத்தான். அவர்களில் எவருடைய கணக்குக் களவுபோனாலும் பக்கம் போகும். இரண்டு பேர் போதும், மிஞ்சினால் மூன்று. பதிவு போடுபவருக்கும், கருத்துகளுக்குப் பதில் எழுதுபவருக்கும், விளம்பரம் பார்ப்பவருக்கும் அந்தந்த வேலைக்கான அணுகலை மட்டும் கொடுக்க வழி இருக்கிறது. அதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

சில நிறுவனங்கள் பக்கமே இல்லாமல், ஒரு மனிதர் போலக் கணக்குத் திறந்து நண்பர் கோரிக்கை ஏற்றுக்கொண்டிருக்கும். அது 5,000 நண்பர்களோடு நின்றுவிடும். நிறுவனப் பெயரில் தனிநபர் கணக்கு வைத்திருப்பது முகநூலின் விதிக்கும் மாறு, எந்த நாளும் மூடப்படலாம். ஒரே கணக்கை நாலு பேர் நாலு இடத்திலிருந்து திறந்தாலும் சந்தேகத்தில் பூட்டிவிடும்; திரும்பத் திறக்க அடையாள அட்டை கேட்கும்போது கொடுக்க அங்கே மனிதரே இருக்க மாட்டார்.

அடுத்தது இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறை. குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை விடச் சரிபார்ப்புச் செயலியைப் பழக்குங்கள். சிம் ஒருவருடைய சொந்தப் பெயரில் இருக்கும், அவர் போனால் குறியீடும் அவருக்குத்தான் போகும். முகநூல் 10 மீட்புக் குறியீடுகள் தரும். முழுக் கட்டுப்பாடு உள்ள இருவரும் அவற்றை அச்செடுத்து, கடித உறையில் ஒட்டி, கந்தோர் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். இடமாற்றத்தில் போகிறவர் மடிகணினியையும் கமராவையும் எழுதிக் கையளிக்கும் அதே பட்டியலில் பக்கத்தின் பெயர், அணுகல் உள்ளவர்கள், மீட்பு மின்னஞ்சல் ஆகியவையும் ஒரு வரியாக வரட்டும். இந்த ஒரு வரி இல்லாததால்தான் பக்கங்கள் அநாதையாகின்றன.

பக்கம் களவுபோகும் முக்கிய வழி கடவுச்சொல்லை யாரோ ஊகிப்பது கிடையாது. "உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், முறையிட இங்கே அழுத்தவும்" என்று மெசஞ்சரில் ஒரு செய்தி வரும். அனுப்பியவரின் படத்தில், முகநூலை நடத்தும் மெற்றா நிறுவனத்தின் சின்னமே இருக்கும். அழுத்தினால் முகநூல் போலவே ஒரு பக்கம் திறந்து கடவுச்சொல்லையும் குறியீட்டையும் கேட்கும். முகநூல் இப்படி மெசஞ்சரில் எச்சரிக்கை அனுப்புவதில்லை. உண்மையான எச்சரிக்கை பக்கத்தின் நிலை காட்டும் இடத்திலேயே தெரியும். மின்னஞ்சலாக வந்தால், முகநூல் அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் இருக்கிறது; அதில் இல்லாதது போலி. இப்படி வந்த செய்திகளின் நாலைந்து திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷொட்) அச்செடுத்துக் கொடுத்து எது உண்மை, எது போலி என்று பிரிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.

பயிற்சிக்கென்று 14 புதுக் கணக்குகளை அன்றைக்கு அங்கேயே திறக்க வைக்காதீர்கள். ஒரே வைஃபையில் அடுத்தடுத்துத் திறந்தால் பாதி சரிபார்ப்பில் மாட்டி நின்றுவிடும், காலை முழுவதும் அதிலேயே போகும். சொந்தக் கணக்கோடு, கடவுச்சொல் நினைவோடு, மின்னேற்றிய கைத்தொலைபேசியோடு வரச் சொல்லி ஒரு கிழமைக்கு முன்பே அறிவியுங்கள். பதிவு எழுதிப் பழகுவதற்கு 14 பேர் மட்டும் உள்ள மூடிய குழு ஒன்று போதும்.


பனங்கூடல் எழுதியது:

பண்ணைக்காற்று சொன்னது அத்தனையும் சரி. எழுத்துப் பகுதிக்கு நான் வாறன்.

பாமினியை முதல்ல விளங்கப்படுத்துங்கோ பிள்ளை. "அது பழசு, விடுங்கோ" எண்டு சொன்னா ஒருத்தரும் விடமாட்டினம். பாமினியில அடிக்கேக்க கணினிக்குள்ள போறது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுது. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில, முகநூலில, வட்ஸ்அப்பில முகமூடி கழண்டு வெறும் ஆங்கிலக் குப்பையாத் தெரியும். அதாலதான் எல்லாரும் படம் பிடிச்சுப் போடப் பழகிச்சினம். படத்தில இருக்கிற எழுத்தைத் தேடிப் பிடிக்க ஏலாது, வெட்டி ஒட்ட ஏலாது, கண் தெரியாதவையின்ர கைத்தொலைபேசி வாசிச்சுச் சொல்லாது. ரெண்டு பேர் வட்ஸ்அப்பில மாறி மாறி அனுப்ப மங்கிப் போகும்.

பழைய கோப்புகளை, எந்தக் கருவியிலும் தமிழாவே தெரியிற யூனிகோட்டுக்கு மாத்தும் கருவிகள் இணையத்தில இலவசமா இருக்கு. அதில ஒரு பொறி இருக்கு. கருவிக்கு எல்லா ஆங்கில எழுத்தும் பாமினியாத்தான் தெரியும். அறிக்கைக்குள்ள மின்னஞ்சல் முகவரியோ இணைய முகவரியோ ஆங்கிலப் பெயரோ இருந்தா அதையும் தமிழாக்கிக் கொத்திப்போடும். பாமினியில அரைப்புள்ளி விசைதான் எழுத்துக்கு மேல வாற புள்ளி, அதால நிறுத்தக்குறிகளும் இடம் மாறும். மாத்தமுதல் ஆங்கிலப் பகுதியை வெட்டி எடுத்து வைச்சு, மாத்தினாப் பிறகு திரும்பப் போடோணும். பிறகு ஒருக்கா வாய்விட்டு வாசிக்கோணும்.

புதுசா எழுதுறதுக்குக் கைத்தொலைபேசியில தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் குடுங்கோ. தட்டச்சு வராத மூத்த ஆக்களுக்குக் குரலால எழுதுறதைக் காட்டுங்கோ. கூகிளின்ர விசைப்பலகையில மொழித் தெரிவில இலங்கைத் தமிழ் தனியா இருக்கு. எங்கட கதையைத் தப்பாப் பிடிச்சாலும் திருத்துறது அடிக்கிறதிலும் சுகம்.

இனி அறிக்கையைப் பதிவாக்கிறது. ஆளுக்கொரு பழைய அறிக்கையோட வரச் சொல்லுங்கோ. உதாரணத்துக்கு இப்பிடி ஒண்டு எண்டு வைப்பம்:

"வளர்ப்பு நாய்களுக்கான விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றும் நிகழ்ச்சித்திட்டத்தின் இரண்டாம் கட்டம் எமது பிரதேசத்தில் முன்னெடுக்கப்படவுள்ளது என்பதைப் பொதுமக்களுக்கு அறியத்தருவதுடன், இதற்கான பூரண ஒத்துழைப்பை வழங்குமாறும் கேட்டுக்கொள்கின்றோம்."

நாயை எங்க கொண்டு போறது? எண்டைக்கு? காசு எவ்வளவு? இந்த மூண்டும் இதில இல்லை. நிகழ்ச்சித்திட்டம் இரண்டாம் கட்டமா மூண்டாம் கட்டமா எண்டது நாய் வைச்சிருக்கிறவருக்குத் தேவையில்லை. அதே விசயம் பதிவா வரேக்க:

"நாய் வளர்ப்பவர்களுக்கு: 2026 மார்ச் 14 சனிக்கிழமை, காலை 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரை, கொக்குவில் சனசமூக நிலையத்தில் விசர்நாய்த் தடுப்பூசி. இலவசம். நாயைச் சங்கிலியில் கட்டிக் கொண்டு வாருங்கள். பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். மழை பெய்தாலும் நடக்கும்."

முதல் ரெண்டு வரிக்குள்ள ஆருக்கு, எப்ப, எங்க எண்டது வந்திடோணும். நீளமான பதிவை முகநூல் மடிச்சு "மேலும் காண்க" எண்டு விட்டிடும், கனபேர் அதை அழுத்தமாட்டினம். வருசத்தோட திகதி போடச் சொல்லுங்கோ. "நாளை" எண்ட சொல்லைப் போல ஆபத்தானது வேற இல்லை. பதிவு ஒருத்தற்ற கண்ணில ரெண்டு நாள் பிந்திப் படும். வட்ஸ்அப்பில அடுத்த வருசமும் சுத்தும். "எந்தச் சனசமூக நிலையம்?" எண்ட கேள்வி நிச்சயம் வரும், அதால வரைபட இணைப்பை முதல் கருத்தாப் போட்டு மேல குத்தி வைக்கோணும். பதிவு போட்டு முதல் ஒரு மணித்தியாலம் கைத்தொலைபேசி கையில இருக்கோணும். முதல் கேள்விக்குப் பதில் கிடைச்சா, அதே கேள்வியைப் பத்துப் பேர் கேக்கிறது குறையும்.

அதுக்குப் பிறகு அதையே குறுஞ்செய்தியாச் சுருக்க வைக்கோணும். தமிழில ஒரு குறுஞ்செய்தி 70 குறி. ஆங்கிலத்துக்கு 160. ஒரு குறுஞ்செய்தியில 140 பைற் இடம். யூனிகோட்டில ஒவ்வொரு குறிக்கும் ரெண்டு பைற் போகும், அதுதான் காரணம். உயிர்மெய் எழுத்தை ஒண்டா எண்ணக் கூடாது: "கி" ரெண்டு குறி, "க்" ரெண்டு குறி, "க" ஒண்டு. இதை எண்ணிப் பாருங்கோ:

"சனி 14 காலை 8-12 நாய் தடுப்பூசி, கொக்குவில் சனசமூக நிலையம். இலவசம்."

இடைவெளியோட 67. ஒரே செய்தியில போகும். 70ஐத் தாண்டினா ரெண்டாப் பிரியும், பிரிஞ்சா ஒரு துண்டில 67 தான் அடங்கும், துண்டுகளை ஒட்டுற தகவலுக்கு மிச்ச இடம் போயிடும். 5,000 பேருக்கு அனுப்பிற சபைக்கு ஒரு குறி கூடினாலே செலவு ரெட்டிப்பு. எக்ஸ் தளத்தில ஒரு பதிவுக்கு இருக்கிற 280 குறி எல்லையும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில 280 எண்டா தமிழில கண்ணுக்குத் தெரியிற எழுத்து அதிலும் நல்லாக் குறைவு.

இந்தச் சுருக்கும் பயிற்சிக்கு முழுசா ஒண்டரை மணித்தியாலம் குடுங்கோ. அறிக்கை எழுதிப் பழகின கைக்கு எதை விடுறது எண்டு தெரிஞ்சுகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.


நல்லூர்க்கிளி எழுதியது:

மிக்க நன்றி. பனங்கூடல் அக்கா, அந்த 67ஐ விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக வருகிறது. வகுப்பிலும் இதையே செய்ய வைக்கிறேன்.

ஒப்ப விசயம் இன்னும் நிற்கிறது. "பதில் எழுத எனக்கு அதிகாரமில்லை" என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். இன்னொருவர், ஆத்திரமாக எழுதுபவர்களின் கருத்தை உடனே அழித்துவிடுவதாகச் சொல்கிறார். வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள்.


கோட்டைவாசல் எழுதியது:

அதிகாரமில்லை என்று அவர்கள் சொல்வது சாட்டு அல்ல. அரச உத்தியோகத்தர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது. பயிற்சியில் துணிச்சல் ஊட்டி அனுப்பினால் திங்கட்கிழமை மாட்டிக்கொள்வது அவர்கள்தான். எழுத்தில் அதிகாரம் வாங்கும் வழியைக் கற்றுக்கொடுங்கள்.

மேலதிகாரியிடம் ஒவ்வொரு பதிலுக்கும் ஒப்பம் கேட்கக் கூடாது. ஒரே தடவையில் ஒரு பக்கத் தாளுக்கு ஒப்பம் கேட்க வேண்டும். அந்தத் தாளில் மூன்று வகை இருக்கும். ஏற்கெனவே வெளியான தகவல், அதாவது நேரம், இடம், கட்டணம், படிவம், தொலைபேசி இலக்கம்: உத்தியோகத்தரே உடனே பதில் சொல்லலாம். சேவை பற்றிய முறைப்பாடு, தாமதம், தவறு: உரிய கிளைத் தலைவர் வட்ஸ்அப்பில் "சரி" என்றால் போதும், இரண்டு மணித்தியாலத்துக்குள் அவர் பதில் தராவிட்டால் யாரைக் கேட்பது என்ற பெயரும் அதிலேயே இருக்கட்டும். மரணம், விபத்து, வழக்கு, ஊழியர் ஒழுக்காற்று, அரசியல்: நிறுவனத் தலைவரின் ஒப்பம் இல்லாமல் ஒரு சொல்லும் இல்லை. வருகிற கேள்விகளில் மிகப் பெரும்பங்கு முதல் வகைதான். அதைப் பயிற்சியிலேயே நிரூபிக்கலாம்: அவரவர் பக்கத்தில் கடைசி 50 கருத்துகளை எடுத்து மூன்று நிறப் பேனாவால் அடையாளமிடச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை இணைத்துக் கடிதம் எழுதினால் ஒப்பம் கிடைக்கும்.

மூன்றாம் வகையிலும் மௌனம் கூடாது. "இவ்விடயம் எமது கவனத்துக்கு வந்துள்ளது. விபரம் உறுதியானதும் இன்று மாலை 5 மணிக்கு இதே பக்கத்தில் அறிவிப்போம்" என்ற வசனத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வைக்க வேண்டும். 5 மணிக்கு விபரம் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றாவது 5 மணிக்கு எழுத வேண்டும். சொன்ன நேரத்தில் எழுதாததுதான் வதந்திக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

கருத்தை அழிப்பது பற்றி. அழித்தால் எழுதியவர் திரைப்பிடிப்போடு திரும்பி வருவார். பிறகு கதை முறைப்பாட்டைப் பற்றியதாக இருக்காது, அழித்ததைப் பற்றியதாக இருக்கும். தூசணம், ஒருவரின் தொலைபேசி இலக்கம், நோயாளியின் விபரம், சமூகங்களைத் தூண்டும் எழுத்து, மோசடி விளம்பரம், இவை ஐந்தும் நீக்கத் தக்கவை என்று பக்கத்தின் அறிமுகப் பகுதியில் எழுதி வையுங்கள். நீக்குமுன் திரைப்பிடிப்பு எடுத்துத் திகதியோடு சேமிக்க வேண்டும். மறைத்தல் என்று இன்னொரு வசதி உண்டு. மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவரின் நண்பர்களுக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஆத்திரமான முறைப்பாட்டை அழிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பதில் எழுதுங்கள், ஒரு தடவை பொதுவில், பிறகு உள்பெட்டியில். பொதுவில் ஒருவரின் கோப்பு இலக்கத்தையோ நோயையோ உறுதிப்படுத்தக் கூடாது. அவரே அதை எழுதியிருந்தாலும் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், இங்கே இருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து வருபவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள்: விடுதியில் எடுக்கும் படத்தில் பின்னால் கட்டிலில் படுத்திருப்பவரின் முகம், கட்டில் தலைமாட்டு அட்டை, இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே போட வேண்டும்.

வட்ஸ்அப் குழு போதாது. குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும், பெண் உறுப்பினர்களுக்கு அந்நியர் செய்தி அனுப்புவது இதனால்தான். ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் கைத்தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பொது அறிவித்தலுக்கு 2023இல் வந்த வட்ஸ்அப் சனல் பொருத்தம். பின்தொடர்பவரின் இலக்கம் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. அங்கே மக்கள் திரும்பக் கேள்வி கேட்க முடியாது என்பது குறை. ஆகவே ஒவ்வொரு அறிவித்தலின் கடைசியிலும் கேட்க வேண்டிய தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும்.

ஒன்றைத் தவற விடாதீர்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மக்களுக்கு அறிவித்தல் மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாட்கள் அவை. மாரி வெள்ளத்தில் கோபுரங்களுக்கு மின்சாரம் போனாலும் இதே நிலைதான். எந்தத் தளமும் இல்லாத ஒரு நாளுக்கு, யாருக்குக் குறுஞ்செய்தி, எந்த வானொலி, எந்தக் கிராம அலுவலர்கள், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ யாருடையது என்று ஒரு தாளில் எழுத வைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டாம் நாள் பிற்பகலுக்கு ஒரு யோசனை. 2 மணிக்கு மூடிய குழுவில் ஒரு பழைய வெள்ளப் படத்தைப் போட்டு, "இப்போது உங்கள் வைத்தியசாலைக்குள் தண்ணீர்" என்று எழுதுங்கள். கார்த்திகை, மார்கழியில் பழைய படங்கள் திரும்பி வருவது வழக்கம். அவர்கள் படத்தைக் கூகிள் லென்ஸில் போட்டுப் பழையதா என்று பார்க்க வேண்டும், சம்பவ இடத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், 20 நிமிடத்துக்குள் மறுப்பு எழுத வேண்டும். மறுப்பில் வதந்தியின் படத்தை அப்படியே திரும்பப் போடக் கூடாது. குறுக்கே "பழைய படம்" என்று பெரிய எழுத்தில் அடித்த பிறகுதான். இன்று எடுத்த படம் ஒன்றை நேரத்தோடு சேர்த்தால் மறுப்புக்கு அதுவே போதும்.


கீரிமலைத்தண்ணி எழுதியது:

தளங்கள் பற்றிய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. முகநூலும் வட்ஸ்அப்பும் எல்லாருக்கும். பாடசாலைக்காரருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் தேவைப்படலாம், அவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். ஐந்து கணக்குத் திறந்து நாலைப் பாழாக விடுவதிலும் இரண்டை ஒழுங்காக நடத்துவது எவ்வளவோ மேல்.

நேரலை பற்றி எச்சரிக்க வேண்டும். கணக்குத் தொடங்கி 60 நாளும், பக்கத்தில் 100 பின்தொடர்பவர்களும் இல்லாமல் முகநூலில் நேரலை போக முடியாது. புதுப் பக்கம் திறந்து திறப்புவிழாவை நேரலை செய்யலாம் என்று நினைப்பவர்கள் விழா அன்றுதான் இதைக் கண்டுபிடிப்பார்கள். யூரியூப்பில் முதல் தடவை நேரலையை இயக்க 24 மணி நேரம் வரை எடுக்கும். கைத்தொலைபேசியில் இருந்து போக 50 சந்தாதாரர் வேண்டும். முகநூல் நேரலைப் பதிவுகள் இப்போது 30 நாளில் அழிக்கப்படுகின்றன, ஆகவே முடிந்த அன்றே இறக்கிச் சேமிக்கப் பழக்குங்கள். வீடியோவில் முதலில் சரிசெய்ய வேண்டியது சத்தம். பண்ணைக் கடலோரக் காற்றில் கைத்தொலைபேசி மைக்கில் ஒரு சொல்லும் விளங்காது. சட்டைக் கழுத்தில் குத்தும் மைக் ஒன்றும் அதற்கு ஒரு பஞ்சுறையும் வாங்குங்கள்.

பெறுபேற்றைக் காட்டுவது பற்றி. பத்திரிகையில் வந்த செய்தியின் நீள அகலத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கி அறிக்கை கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மக்கள் தொடர்பு அளவீட்டுக்கென்று 2010இல் வகுக்கப்பட்ட பார்சலோனா கோட்பாடுகள் அந்தக் கணக்கை ஏற்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. அதைக் கைவிட்டு விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கினால் அதே பிழை வேறு வடிவில் தொடரும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விசேட சிக்கல் உண்டு. பக்கத்தின் புள்ளிவிபரத்தில் பின்தொடர்பவர்கள் எந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்று காட்டும். அதைத் திறந்து பாருங்கள். ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் மேலே நின்றால் ஆயிரம் விருப்பக்குறி வந்தும் ஊரில் ஒருவருக்கும் செய்தி போகாமல் இருக்கலாம். 25 நாள் நல்லூர்த் திருவிழாவில் தேர்ப் படத்துக்கு வரும் வரவேற்பில் பத்தில் ஒன்றும் வீதி மூடும் அறிவித்தலுக்கு வராது. ஆனால் அந்த அறிவித்தல் கோவிலைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போனதா என்பதுதான் சபைக்கு முக்கியம். இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு நேரம் வையுங்கள். இங்கே இரவு 7.30 என்றால், கோடையில் இலண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. பழைய மாணவருக்கான பாடசாலைப் பதிவுக்கு நல்ல நேரம். தண்ணீர், மின்சாரம், கிளினிக் அறிவித்தலை காலை 6.30க்கு, வேலைக்கு வெளிக்கிட முன் போடுங்கள். மெற்றா பிஸ்னஸ் சூட்டில் நேரம் குறித்து வைத்தால் விடிய எழும்பத் தேவையில்லை. குறித்து வைத்த பதிவுகளை, ஊரில் ஏதும் துக்கம் நடந்தால் உடனே நிறுத்த வேண்டும். எங்கே அழுத்தி நிறுத்துவது என்பதையும் காட்டிக் கொடுங்கள்.

அளப்பதற்கு எளிய முறை: வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுப்பவரிடம் ஒரு கொப்பி கொடுத்து, ஒரே கேள்வி எத்தனை தரம் வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள். பதிவுக்கு முந்திய கிழமை, பிந்திய கிழமை. கோடு குறைந்தால் பதிவு வேலை செய்திருக்கிறது. மேலதிகாரிக்கு அந்தக் கொப்பியைக் காட்டலாம்.


மஞ்சவனப்பதி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வடிவமைப்பாளர் யூனிகோட் வேண்டாம் என்கிறார். போட்டோஷொப்பில் "கொ" என்று ஒட்டினால் கொம்பு, எழுத்து, கால் எல்லாம் பிரிந்து தனித்தனியாக நிற்கிறது. அதனால் பாமினிதான் என்கிறார். அவரை எப்படி மாற்றுவது?


பனங்கூடல் எழுதியது:

அவர் சொல்லுறது உண்மை, ஆனா அது யூனிகோட்டின்ர பிழை இல்லை. போட்டோஷொப்பின்ர விருப்பத்தெரிவுகளில எழுத்துப் பகுதிக்குப் போய், தென்னாசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யச் சொல்லுங்கோ. புதுப் பதிப்புகளில அது உலக மொழிகளுக்கான அமைப்பு எண்ட பெயரில இருக்கும். மென்பொருளை மூடித் திறந்து, பழைய எழுத்து அடுக்கை அழிச்சுப்போட்டுப் புதுசா ஒட்டோணும். ஏற்கெனவே இருக்கிற அடுக்கு தானாத் திருந்தாமல் நிக்கலாம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லாட்டி முக்த மலர், ரெண்டும் இலவசம்.

மென்பொருள் பழசு, அந்தத் தெரிவே இல்லை எண்டா அவரோட சண்டை பிடியாதேங்கோ. படத்துக்குள்ள பாமினி இருந்தா ஒரு குறையும் இல்லை, அது எப்பிடியும் படம்தான். படத்துக்கு மேல எழுதுற பதிவு மட்டும் யூனிகோட்டில முழு விபரத்தோட இருக்கோணும். படத்தில பெரிய எழுத்தில மூண்டு விசயம்: என்ன, எப்ப, எங்க. அளவு 1080க்கு 1350 வைச்சா கைத்தொலைபேசித் திரையில வடிவா நிறையும். கடிதத்தலைப்பும் ஒப்பமும் கந்தோர்க் கோப்பில இருக்கட்டும்.